கேஸ் உலைக்குக் காற்றுப் பதம் பிடித்த கதை

கரி உலையில் அரிவாள் அடித்துப் பழகியவன் நான். நாமக்கல் பக்கம் என்பதால் பழைய லாரி ஸ்பிரிங் பிளேட்டுக்குப் பஞ்சமில்லை, நல்ல கரிக்குத்தான் பஞ்சம். அதனால் போன வருஷம் கேஸுக்கு மாறினேன். உலை கட்ட இரண்டு நாள் போதுமாயிருந்தது. பர்னரில் காற்றும் கேஸும் சரியான பதத்துக்கு வரத்தான் மூன்று வாரம் பிடித்தது.

பர்னர் எளிமையானதுதான். முக்கால் இஞ்ச் இரும்புக் குழாய், அதன் தலையில் ஒரு டீ, அதாவது T வடிவக் குழாய் இணைப்பு. டீயின் இரண்டு வாயும் காற்றுக்கு. டீயின் முதுகில் துளை போட்டு, மிக் வெல்டிங் டிப் ஒன்றை (வெல்டிங் கம்பி வெளிவரும் நுண்துளைச் செம்பு முனை) கேஸ் பீறிடும் ஜெட்டாக வைத்தேன். கேஸ் பீறிட்டுப் போகிற வேகத்திலேயே காற்றை இழுத்துக்கொள்ளும், புளோயர் வேண்டாம். ஆனால் வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இதற்கு உதவாது. அது தரும் அழுத்தம் 30 மில்லிபார் அளவுதான், காற்றை இழுக்கப் போதாது. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும் வாங்கினேன். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்த பிறகே பற்றவைத்தேன்.

முதல் நாள் உலை வாயிலிருந்து இரண்டடிக்கு மஞ்சள் சுடர் வந்தது. பார்க்கப் பிரமாதம். அரை மணி நேரமாகியும் பிளேட் ஆரஞ்சு நிறத்தைத் தாண்டவில்லை. எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. கேஸை மூடிவிட்டு வெளியே ஓடினேன். காற்று போதாமல் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது. மறுநாள் கொட்டகையின் இரண்டு பக்கத் தகரத்தையும் கழற்றிய பிறகே அடுத்த வேலை.

கன அளவில் ஒரு பங்கு புரொப்பேன் முழுசாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. நம் சிலிண்டரில் இருப்பது இரண்டும் கலந்தது. அவ்வளவு காற்றை என் ஜெட் இழுக்கவில்லை. டிப்பின் நுனி குழாயின் கழுத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் அறுத்து, பிசிர் எடுத்து, பற்றவைத்துப் பார்த்தேன். நாலாவது தடவை சுடர் நீலமாக மாறி, உலை சீராக இரைந்தது. நுனி குழாயின் நடுவைப் பார்க்காமல் துளி சாய்ந்திருந்தாலும் சுடர் ஒரு பக்கம் ஒதுங்கும். அதை நிமிர்த்தவே ஒரு நாள் போனது.

அப்புறம் பேராசையில் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் அறுத்தேன். சூடு நன்றாக ஏறியது. ஆனால் பிளேட்டை வெளியே எடுத்தால் கருஞ்செதில் தகடு தகடாக உதிர்ந்தது. எரிந்ததுபோக மிஞ்சிய காற்று இரும்பைத் தின்கிறது. தட்டி மெலிதாக்கிய விளிம்பு கண்முன்னே கரைந்ததைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது.

புது டிப் போட்டு, காற்று வாய்களில் திருகி மூடும் வளையங்கள் வைத்தேன். அன்றிலிருந்து சுடரை மட்டும் பார்ப்பதில்லை. உலை நன்கு சூடேறியதும் ஒரு விறகுச் சிராயை உள்ளே நீட்டுவேன். சுடர்விட்டு எரிந்தால் காற்று மிச்சம், வளையத்தை மூட வேண்டும். சுடரில்லாமல் கருகினால் சரி. உலை வாயில் விரல் நீளத்துக்கு மங்கலான சுடர் இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் கேஸை மிச்சம் பிடிக்க அழுத்தத்தை அதிகம் குறைத்தேன். 'புட் புட்' என்று சத்தம், குழாயே கொதித்தது. கலவை வெளியேறும் வேகத்தைவிடத் தீ பரவும் வேகம் கூடினால் சுடர் குழாய்க்குள்ளேயே ஏறிவிடும். உடனே கேஸை அடைத்து, குழாய் ஆறும்வரை காத்திருந்தேன். இப்போது அரை பாருக்கு (500 மில்லிபார்) கீழே அழுத்தத்தை இறக்குவதில்லை.

தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் சிலிண்டர் வெளியே வேர்த்துக் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினால் போதும். சிலிண்டர் தீரப்போகும்போது புரொப்பேன் முதலில் போய் பியூட்டேன் மிஞ்சுவதால் சுடர் மஞ்சளடிக்கும். அப்போது வளையத்தை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும். இரண்டு நிலைக்கும் வளையத்தில் கோடு கீறி வைத்திருக்கிறேன். போன வாரம் அடித்த அரிவாளில் மெல்லிய சாம்பல் படலம் மட்டுமே இருந்தது, கம்பி பிரஷ்ஷில் ஒரே இழுப்பில் போய்விட்டது.