வெண்கட்டியைக் கையில் எடுங்கள்: சித்திர ஆசிரியர் ஆட்சேர்ப்பில் என் இரண்டாவது முயற்சி

கடந்த வாரம் மாகாண ஆசிரியர் ஆட்சேர்ப்பின் தெரிவுப் பட்டியல் வெளியானபோது, சித்திரம், தமிழ் மொழி மூலம் என்ற தலைப்பின் கீழ் என் சுட்டெண்ணைக் கண்டேன். முதலில் நம்ப முடியாமல் அனுமதி அட்டையை எடுத்துவந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் முயற்சியில் எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளிகளைப் பெற்றும், பரீட்சகர்கள் முன் ஒரு பாடத்தைக் கற்பித்துக் காட்டும் செய்முறைப் பரீட்சையில் தோற்றவன் நான். அந்தத் தோல்வியின் காரணத்தை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற மனக்குறை இன்னும் தீரவில்லை. அடுத்துத் தோற்றவிருக்கும் மலையகத்துச் சித்திரப் பட்டதாரிகளுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பரீட்சையின் அமைப்பும் தேவையான ஆகக்குறைந்த புள்ளிகளும் விண்ணப்பித்த எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை பயில, எங்கள் அணியில் மலையகத்திலிருந்து ஐந்து பேர் சென்றோம். கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையில், வரைபலகையை மடியில் அணைத்தபடி பஸ்ஸில் பயணம் செய்த நாட்கள் அவை. நான்கு ஆண்டுகள் தைலவர்ணம், சிற்பம், அச்சுக்கலை, கலை வரலாறு என்று படித்துவிட்டு ஊர் திரும்பியபோது, "படம் கீறுற படிப்புக்கு என்ன வேலை கெடைக்கும்?" என்று தோட்டத்தில் கேட்காதவர் இல்லை. இன்று அந்தக் கேள்விக்கு ஐவரும் ஐந்து விதமான விடைகளை வைத்திருக்கிறோம்.

பதுளைத் தோழிக்கு ஊவா மாகாணத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நியமனம் கிடைத்தது. தரம் 6 முதல் 9 வரை அழகியல் பாடம் ஒன்று கட்டாயம் என்றாலும், ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அது நேரசூசியில் மட்டுமே இருக்கும். அவர் போய்ச் சேர்ந்த பாடசாலையும் அப்படித்தான் இருந்தது. சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்க ஒருவர்கூட இல்லாத அந்த இடத்தில் இவ்வாண்டு 11 பிள்ளைகள் தோற்றுகிறார்கள். எங்கள் அணியின் ஆகப்பெரிய சாதனை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மஸ்கெலியா நண்பர் கோயில் வர்ணப்பூச்சுக் குழுவொன்றில் சேர்ந்து, கும்பாபிஷேகத்துக்கு ஆயத்தமாகும் கோயில்களில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறார். அவரைச் சேர்த்துக்கொண்ட ஸ்தபதி சான்றிதழைக் கேட்கவில்லை. சுவரைக் காட்டி, "ஒரு கண்ணை எழுது" என்று மட்டும் சொன்னாராம். நுவரெலியா நண்பர் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் உள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றின் அச்சுப் பிரிவில் இருக்கிறார். நேர்முகத் தேர்வில் அவர் கையில் ஒரு பூவேலைத் துணியைக் கொடுத்து, அதிலுள்ள நிறங்களை எத்தனை அச்சுத் திரைகளாகப் பிரிப்பாய் என்று கேட்டு, அங்கேயே வரைந்து காட்டச் சொன்னார்கள். பண்டாரவளைத் தோழி 2020 இல் பட்டதாரிப் பயிலுநராக உள்வாங்கப்பட்டு, இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணிபுரிகிறார். அலுவலகம் முடிந்த பின் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறார். இந்த ஆட்சேர்ப்புக்கு விண்ணப்பிக்க அவருக்கு மனமில்லை. அதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன்.

இவர்களில் இருவரின் கதையில் நான் கவனிக்கத் தவறிய ஒரு செய்தி இருந்தது. அவர்கள் வீட்டில் வரைந்துகொண்டு போன ஓவியத்தை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. கண் முன்னால் கை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

என் முதல் முயற்சியில் நான் செய்தது இதற்கு நேர்மாறானது. செய்முறைப் பரீட்சைக்குச் சிகிரியா ஓவியங்களைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, நான்கு இரவுகள் கண்விழித்து ஒரு பெரிய அட்டையில் அப்பெண்ணுருக்களை நீர்வர்ணத்தில் தீட்டினேன். அது அழகான அட்டை. இன்றும் வீட்டில் இருக்கிறது. பரீட்சகர்கள் முன் அதை மாட்டி, 5 ஆம் நூற்றாண்டு, காசியப்பன், சுதை மீது வர்ணம் தீட்டும் முறை என்று தடையில்லாமல் பேசினேன். குழுவில் இருந்த ஓர் அம்மையார் இடைமறித்து, "இந்த நேரம் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் பாடத்தில் பிள்ளைகளே இல்லை. திரும்பிப் பார்த்தபோது, எனக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒரு கோடுகூட விழவில்லை என்பதையும் கண்டேன்.

ஊருக்குத் திரும்பிய பின், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று அயல் தோட்டத்தில் கற்பிக்கும் ஓர் அக்காவிடம் போனேன். இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்து, ஓராண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி முடித்து வெளியேறுபவர்களுக்கு வகுப்பறை கைவந்துவிடுகிறது. பட்டதாரிகளாகிய நமக்கோ ஓவியம் கைவந்திருக்கிறது, வகுப்பறை வருவதில்லை. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை நியமனத்துக்குப் பிறகுதான் பெரும்பாலோர் படிக்கிறோம். அக்கா என் சிகிரியா அட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இத சுருட்டி வை. வெண்கட்டிய எடு" என்றார். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அந்த வார்த்தையை வையுங்கள்.

ஒரு பிளைவுட் பலகைக்குக் கரும்பலகை மை பூசி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் முன்வாசலில் சாய்த்துவைத்து, ஒன்பது மாதங்கள் தினமும் அதிகாலையில் வரைந்தேன். வெண்கட்டியை நாம் இலகுவாக எண்ணிவிடுகிறோம். முழுக் கட்டியாகப் பிடித்தால் கீச்சிடும், அழுத்தினால் ஒடியும். பாதியாக உடைத்து, நுனியைச் சற்றுத் தேய்த்துவிட்டால் கூர்மையான கோடு வரும்; அதே துண்டைப் படுக்கவைத்து இழுத்தால் அகலமான வெளிச்சம் விழும். பலகையின் கருமையே நிழலாகிவிடுவதால், கடதாசியில் நிழலைத் தேடும் நம் பழக்கத்தை மாற்றி, வெளிச்சத்தை மட்டும் இட்டுப் பழக வேண்டும். மலைமுகடுகளுக்குப் படுக்கவைத்த கட்டியை ஒருமுறை இழுத்து, கீழ்ப்பக்கத்தை ஈர விரலால் துடைத்துவிட்டால் மூடுபனி இறங்கிவிடும்.

இதைவிடக் கடினமானது, வரையும்போதே பேசுவது. நான் இயல்பில் அதிகம் பேசாதவன். வரையத் தொடங்கினால் வாய் தானாக மூடிக்கொள்ளும். கூட்டாகப் படிப்பதும் எனக்கு ஒத்துவராது. ஆகையால் அம்மாவையே மாணவியாக உட்காரவைத்தேன். தூரத்துப் பொருள் சிறுத்துத் தெரியும் தூரநோக்கைப் பாடமாக எடுத்து, கண்மட்டக் கோட்டையும் அதில் ஒரு புள்ளியையும் வைத்து, அந்தப் புள்ளியை நோக்கிக் கோடுகளை இழுத்தேன். "இந்தக் கோடெல்லாம் எதுக்குப்பா ஒரே எடத்துல போய் முட்டுது?" என்று கேட்டார். நான் சொன்ன விளக்கம் அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் கோடுகளுக்கிடையே ஒரு கூரையும் வரிசையாகக் கதவுகளும் வைத்ததும், "அட, நம்ம லயம்! கடேசி வீட்டுக் கதவு எலிப்பொந்து மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் என் பாடம் உருவானது.

இரண்டாவது முயற்சியில் அந்தப் பாடத்தையே எடுத்தேன். முதலில் பரீட்சகர்களைப் பிள்ளைகளாகப் பாவித்து, கையை நேராக நீட்டிப் பென்சிலை நிமிர்த்தி, கிட்டத்து யன்னலையும் தூரத்து யன்னலையும் அளந்து பார்க்கச் சொன்னேன். அவர்கள் அளந்துகொண்டிருந்தபோதே நான்கு கோடுகளில் லயத்தை எழுப்பி, "கடைசிக் கதவை நான் எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டேன். ஒருவர் விரலால் இடத்தைக் காட்டினார், அங்கேயே வைத்தேன். ஒரு முழுப் பாடவேளையில் செய்ய வேண்டியதைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கும்போது எதை வெட்டுவது என்று திகைக்காதீர்கள்: விளக்கத்தை வெட்டுங்கள், பிள்ளையின் கைவேலையை வெட்டாதீர்கள்.

செய்முறைப் பரீட்சைக்கு முன் பார்க்க வேண்டியவை:

- தலைப்பு, ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள ஒரு தேர்ச்சி மட்டத்துக்கு, அதாவது அந்தத் தரத்துப் பிள்ளை அடைய வேண்டிய திறனுக்கு, உரியதாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் படித்த கோட்பாட்டைக் கொண்டுபோகாதீர்கள்.
- பாடக்குறிப்பில் மாணவர் செயற்பாட்டை முதலில் எழுதுங்கள்.
- சொந்த வெண்கட்டியும் சொந்தத் துடைப்பானும் கொண்டுசெல்லுங்கள். வெண்பலகை இருந்தால் தேவைப்படும் என்பதால் பேனையும் இருக்கட்டும்.
- பலகைக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். பிள்ளைகளுக்கும் முதுகு காட்டாதீர்கள். பக்கவாட்டில் நின்று வரையப் பழகுங்கள். எனக்கு இது பிடிபட இரண்டு மாதங்கள் சென்றன.

எழுத்துப் பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். நுண்ணறிவுத் தாளில் உருவத்தொடர், கண்ணாடி விம்பம், விரித்த சதுரமுகியை மடித்தால் எந்த முகம் எதிரே வரும் என்பன போன்ற வினாக்கள் நமக்குச் சொந்த நிலம். சவர்க்காரப் பெட்டிகளை வெட்டி விரித்து, முகங்களில் அடையாளமிட்டு மடித்துப் பார்த்துப் பழகினால் அவற்றில் ஒன்றைக்கூட இழக்கத் தேவையில்லை. எண்தொடர்களில் நான் பலவீனமானவன். தினமும் பத்துக் கடந்தகால வினாக்களைச் செய்தேன், அவ்வளவுதான். பொது அறிவுக்குப் பத்திரிகை வாசிப்பு போதுமானதாக இருந்தது.

நேர்முகப் பரீட்சையில் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி முக்கியமானது: தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைக்கு இலங்கைக் கலை வரலாறு தன்னுடையது என்ற உணர்வை எப்படி ஏற்படுத்துவீர்கள்? நான் கடலாதெனியவைப் பற்றிச் சொன்னேன். கண்டிக்கு அருகே, பிலிமத்தலாவைப் பக்கம், கம்பளைக் காலத்து மன்னன் நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில் 1344 இல் எழுந்த அந்தக் கல் விகாரையை அமைத்த தலைமைச் சிற்பி தென்னிந்தியாவைச் சேர்ந்த கணேசுவராசாரி. தென்னாட்டுக் கோயில் கட்டட முறையைத் தன் அடிப்பீடத்திலும் தூண்களிலும் தாங்கி நிற்கும் பௌத்த விகாரை அது. அங்கிருந்து லங்காதிலக விகாரைக்கும், மரத்தூண்களில் மல்லர்களும் நடனமாதரும் இருதலைப் பறவையும் செதுக்கப்பட்ட எம்பக்கைத் தேவாலயத்துக்கும் ஒரே நாளில் போய்வரலாம். ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறிப் பேராதனையில் இறங்கி, பிலிமத்தலாவைக்கு மாறிச் சென்று, ஒரு பயிற்சிக் கொப்பி நிறைய அந்தத் தூண்களை வரைந்துவந்திருந்தேன். கொப்பியைத் திறந்து காட்டியதும் கேள்விகள் அதிலிருந்தே எழுந்தன. மனப்பாடம் செய்த ஒன்றும் தேவைப்படவில்லை. நீங்களும் போய் நின்று வரையுங்கள். படத்தில் பார்த்துவிட்டுப் பேசுபவரையும் நேரில் பார்த்தவரையும் குழு உடனே வேறுபடுத்திக்கொள்கிறது.

ஓவியக் கோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வெயிலில் நீர்வர்ணத்தின் முதல் பூச்சு நாம் தூரிகையைக் கழுவுவதற்குள் காய்ந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் அரை மணி நேரம் காத்திருந்தாலும் ஈரம் போகாது. அவசரப்பட்டு இரண்டாவது பூச்சை இட்டால் கலங்கிவிடும். என் பல்கலைக்கழகக் கால ஓவியங்களில் ஏழில் பூஞ்சணம் பிடித்தது. தாள்களுக்கிடையே பத்திரிகைத் தாள் வைத்து, மாதம் ஒருமுறை வெயில் கண்ட நாளில் விரித்து உலர்த்துங்கள். மூலப் பிரதி பழுதாகுமுன் படம் பிடித்துவையுங்கள்.

நியமனக் கடிதம் கைக்கு வர இன்னும் நாளாகும். கரும்பலகையை, அடுத்த முறை தோற்றவிருக்கும் பொகவந்தலாவைத் தங்கையொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஓவியத்தில் என்னைவிடத் திறமையானவர். ஆனால் பலகை முன் நின்றதும் அவரும் என்னைப் போலவே மௌனமாகிவிட்டார். முதல் நாள் பாடத்துக்கு அவருடைய பாட்டியை உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன். மழை நாளில் பலகை ஈரம் குடித்திருந்தால் வெண்கட்டி பிடிக்காது, அடுப்படியில் சற்று நேரம் சாய்த்துவைத்துக் காயவிட்ட பின்பே வரைய வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னேன்.