மேல் இமை அறுவைக்குப் பின்

மேல் இமைத் தோல் தளர்ந்து இமைமுடி வரை தொங்கத் தொடங்கியதால், சென்ற தை மாதம், என் 58ஆம் வயதில், இரு கண்களுக்கும் இமைச் சீரமைப்பு அறுவை செய்துகொண்டேன். பார்வையை மறைக்கும் அளவுக்கு அது முற்றவில்லை. எந்நேரமும் தூக்கம் கெட்டவள்போல் தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "இந்த வயசுல இது தேவையாக்கா?" என்று தங்கை கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மரத்துப்போக ஊசி போட்டுச் செய்த அறுவை என்பதால் மாலையே மேற்கு மாம்பலத்து வீட்டுக்குத் திரும்பினேன். அன்றிரவு, கண்ணில் தடவிய களிம்பால் எல்லாம் பாலாடை படிந்ததுபோல் மங்கலாகத் தெரிய, பார்வையே போய்விட்டதோ என்று நடுங்கிப்போய் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தேன். தாங்க முடியாத வலி இருக்கிறதா, விழி பிதுங்குகிறதா, ஒரு கண் மட்டும் இருண்டு வருகிறதா என்று செவிலியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். விழிக்குப் பின்னால் இரத்தம் கட்டினால் அப்படி ஆகும், அரிதுதான், ஆனால் அப்படி நேர்ந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை. களிம்பு பார்வையை மங்கச் செய்யும் என்று அவர்கள் தந்த தாளில் ஒரு வரி சேர்த்திருந்தால் இருவர் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

முதல் இரண்டு நாள் குளிர் ஒத்தடம். பனிக்கட்டியைவிட, உறைந்த பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டை மெல்லிய துணியில் சுற்றி வைத்தால் கண்குழியில் இதமாகப் படிகிறது. தலையை உயர்த்தியே படுக்க வேண்டும், குனியக் கூடாது என்பதால் வாசல் கோலம் மருமகள் பொறுப்பாயிற்று. புள்ளி தப்பிய அந்தக் கோலத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்ததே எனக்குப் பெரிய பத்தியம். மூன்றாம் நாள் கத்தரிக்காய் நிறத்திலிருந்த கன்றல், கன்னம் வரை இறங்கிப் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறைந்தது.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். புருவமுடியைப் பிடுங்குவதுபோல் சுருக்கென்றது, கண்ணீர் வந்தது, முடிந்தது. அதைவிடத் தொல்லை கண் உலர்வுதான்: சில வாரங்கள் இரவில் இமை முழுதாக மூடாததால், விடிந்ததும் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. துரைசாமி சுரங்கப்பாதைப் புழுதியில் ஆட்டோவில் போகும்போது கறுப்புக் கண்ணாடியும் உதவியது.

வலது இமை இடதைவிட வீங்கியிருந்ததால் கோணலாக வெட்டிவிட்டார்களோ என்று தினமும் பீரோ கண்ணாடி முன் நின்று ஒப்பிட்டேன். வீக்கம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது, மூன்று மாதத்துக்கு அளந்து பார்க்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. இப்போது சித்திரை, இரண்டும் ஒத்துவிட்டன. தழும்பு மட்டும் இன்னும் இளஞ்சிவப்பு, வியர்வை பட்டால் எரிகிறது. இமை விளிம்பில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாததால், நேற்று கண்மை தீட்டியபோது கோடு இரண்டு முறை தப்பிப்போனது.