நெய்த்தேங்காயும் கட்டு நிறையும்

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் சந்தித்தால் முதலில் கேட்பது, "சாமிக்கு இது எத்தனையாவது வருஷம்?" வருஷா வருஷம் புண்ணியம் சேருகிறது என்ற நம்பிக்கை. 18-வது வருஷம் தென்னங்கன்று சுமந்து போய் வைப்பது எளிதில் கிடைக்காத பாக்கியம்தான். ஆனாலும் அந்தக் குருசாமிக்கும், முதல் முறை போகும் கன்னிசாமிக்கும், இருமுடிக் கட்டின் முன்பக்கப் பையான முன்முடியில் இருப்பது அதே நெய்த்தேங்காய். அதில் அவசரம் கூடவே கூடாது.

நன்றாக முற்றிய, கீறல் இல்லாத காயாக எடுங்கள். நாரை முழுக்க நீக்கி, ஓட்டை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேயுங்கள். மூன்று கண்களில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். அதைத் துளைத்து, தண்ணீரை வடித்து, காயைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் மலை ஏறுவதற்குள் நெய் சிக்கு வாடை அடித்துவிடும். பசு நெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சரணம் சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஓடு விரிசல் விடலாம். ஆறியதும் நெய் மட்டமும் இறங்கிவிடும். பிறகு தக்கையை அழுத்தி, மேலே நனைத்த அப்பளத்தை ஒட்டுங்கள். கண்ணைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது, துணியால் துடைத்துவிடுங்கள். அரை மணி நேரம் சாய்த்து வைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

முன்முடியில் நெய்த்தேங்காய், மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள் தூள், வாவர் சாமிக்கு மிளகு. பின்முடியில் வழிக்கு வேண்டியவை. பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம், தடை இருக்கிறது. துணிப் பொட்டலமே போதும். கட்டு நிறைக்கும்போது, அதைச் சுமக்கப்போகும் சாமி மூன்று கை அரிசியை நிதானமாகப் போடட்டும், பின்னால் வரிசை நிற்கிறதே என்று விரட்டக்கூடாது. இரண்டு முடியும் எடை ஒத்திருக்க வேண்டும். முன்பக்கம் கனத்தால் நீலிமலை ஏற்றத்திலேயே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இருமுடிக் கட்டை யாரும் தானே தலையில் ஏற்றிக்கொள்வதில்லை, தானே இறக்குவதுமில்லை. எத்தனை மலை ஏறியவரானாலும் இன்னொரு சாமியிடம் தலை குனிந்துதான் ஆகவேண்டும். கன்னிசாமியையும் "சாமி" என்றே கூப்பிட்டுக் காலில் விழுகிற வழக்கத்தை எந்தக் குழுவும் விட்டுவிடக் கூடாது.

சன்னிதானத்தில் காயை உடைத்ததும் நெய் அபிஷேகத்துக்கு, ஒரு மூடி ஆழி என்னும் நெருப்புக் குண்டத்துக்கு. அபிஷேக நெய்யை வீட்டுக்குக் கொண்டுவர, இறுக மூடும் சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றைப் பின்முடியில் மறக்காமல் வையுங்கள்.