எனக்கு முட்டை வெடிப்பது 21-ம் நாள்

எனக்கு மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். ஆனாலும் கல்யாணமாகி இரண்டு வருஷமாக, குழந்தைக்காக, விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 14-ம் நாள்தான் முட்டை வெடிக்கும், அதாவது சினைப்பையிலிருந்து வெளிவரும் என்று எல்லாரும் சொல்வதையே நம்பிக்கொண்டிருந்தோம். போன வருஷம் ஓரிடத்தில் 21-ம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, முட்டை வெடித்த பிறகு கூடுகிற புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ரொம்பக் குறைவு, முட்டையே வெடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரைக்குடியில் பஸ் ஏறியவள் தேவகோட்டை ரஸ்தா தாண்டியும் அழுகையை நிறுத்தவில்லை.

நர்ஸாக இருக்கும் சின்னம்மா மகள்தான் தினசரி காலண்டரை எடுத்து, அடுத்த விலக்குத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காட்டினாள். "வெடிச்ச பிறகு விலக்கு வர பெரும்பாலும் 12-லேர்ந்து 14 நாள்க்கா. கூடக் குறைய ஆகுறது அதுக்கு முந்தின நாளுங்கதான். ஒங்களுக்கு 21-ஐ ஒட்டித்தான் வெடிக்கும்."

அன்றே ஒரு நோட்டுப் போட்டு, தினமும் உடம்புச் சூட்டைக் குறிக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் வீண். விடியற்காலை எழுந்து, ஆத்தங்குடிக் கல் காலில் சில்லென்று பட நடந்துபோய், வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து தெர்மாமீட்டர் வைத்தால் அளவு ஏறி இறங்கியது. கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமலே வைக்க வேண்டுமாம். அயித்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து கோலமாவு டப்பாவை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மாதம் 97.3-ஐ ஒட்டியே இருந்த சூடு, 22-ம் நாள் 97.9-க்கு ஏறி அப்படியே நின்றது. ஆனால் சூடு ஏறுவது முட்டை வெடித்த பிறகுதான். முன்கூட்டித் தெரிய அது உதவாது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட நிற்காது, விந்தணு 5 நாள் வரை தாங்கும் என்பதால் வெடிப்பதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். அதைக் காட்டியது வெள்ளைப்படுதல். 17-ம் நாள் வரை பிசுபிசுப்பாக இருந்தது, பிறகு முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் அறுபடாமல் நீண்டது. எழுதவே கூச்சமாக இருக்கிறது; ஆனால் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே. முட்டை வெடிக்கப்போவதைச் சிறுநீரில் காட்டும், மெடிக்கலில் வாங்கிய எல்.எச். ஸ்டிரிப்பிலும் 20-ம் நாள் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது.

மூன்றாம் மாதம் நோட்டோடு வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டியவர், அதே ரத்தப் பரிசோதனையை 28-ம் நாளுக்கு எழுதித் தந்தார். விலக்குக்கு ஏழு நாள் முன்னால் எடுக்கவேண்டியதாம் அது. புரொஜெஸ்ட்ரோன் அளவு 3-க்கு மேல் இருந்தாலே முட்டை வெடித்திருக்கிறது என்றார். எனக்கு 11.4. ரிசல்ட் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே முதலில் அயித்தைக்குத்தான் போன் போட்டேன்.