கூடையில் போன ரோஜா

மாஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் பாவ்லோவ்ஸ்கி பசாத் இருக்கிறது. கம்பளிச் சால்வைக்குப் பேர்போன ஊர். 1795இல் ஒரு விவசாயி தொடங்கிய பட்டறைதான் அங்கே இன்று ஆலையாக நிற்கிறது. குடியிருந்த வீட்டுக்காரம்மாவோடு போய் எனக்கும் ஒன்று வாங்கினேன். ஒன்றேகால் மீட்டர் சதுரம், கறுப்புத் துணியில் உள்ளங்கை அகல ரோஜாக்கள், நாலு பக்கமும் பட்டுக் குஞ்சம். விலையை இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

திரும்பும் வழியில் ஒரு தேவாலயம். வெறுந்தலையோடு வாசல் தாண்டிவிட்டேன். மெழுகுவத்தி விற்கும் பாட்டி ஓடிவந்தார். மறந்து வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு கூடை நிறையத் துணி வைத்திருக்கிறார்கள். வெளுத்துப்போன ஒன்றை எடுத்து, மூலைவாட்டில் மடித்து, என் மோவாய்க்கடியில் இறுக்கி முடிந்தார். பல்வலிக்காரியைப்போல் நின்றேன். என் ரோஜாச் சால்வையைத் தோளிலாவது போடுவோமே என்று பையிலிருந்து எடுத்தேன். அத்தனை மெழுகுவத்திகளின் புழுக்கத்தில் அதையும் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது, இரவல் துணியை ஞாபகமாகக் கூடையில் போட்டேன்.

ரயில் கிளம்பிய பிறகு வீட்டுக்காரம்மா, "உன் சால்வை எங்கே?" என்றார். தலையைத் தொட்டுப் பார்த்தேன். வெளுத்த துணி அங்கேயே இருந்தது.

அவர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "ஒப்ரஸ்தவலோசிலஸ்!" என்றார். வெறுந்தலையாக நின்றுவிட்டாள் என்பது அதன் மூலப்பொருள். கல்யாணமான பெண்ணின் கூந்தலை வெளியார் பார்ப்பது ஒரு காலத்தில் பெரிய அவமானம். இப்போது அசட்டுத்தனமாக ஏமாந்து நிற்பவர்களுக்கெல்லாம் அந்தச் சொல். நான் தலையை மூடிக்கொண்டே அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டேன்.

மறுநாள் அடித்துப்பிடித்து ஓடினேன். கூடையில் சால்வை இல்லை. ஜீன்ஸ் போட்டுவந்த ஒரு நெட்டைப் பெண்ணின் இடுப்பில், பாவாடையாகச் சுற்றியிருந்தது! குஞ்சம் முழங்காலில் ஆடியது. வழிபாட்டின் நடுவே போய் எப்படி அவிழ்க்கச் சொல்வது? அவள் வெளியே வரட்டும் என்று தூணோரம் ஒதுங்கினேன்.

பாட்டி என்னைக் கண்டுவிட்டார். நேற்றைய துணி என் கையில் இருந்தது, தலையில் ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டபடி மறுபடியும் கூடைக்குள் கையை விட்டார்.