எட்டு மாத வாய்வு

மன்னார்குடியில் மேல்வயிறு வலிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் "வாய்வாக இருக்கும்". அந்த ஒரு சொல்லை நம்பி எட்டு மாதத்தைத் தொலைத்தேன். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து நான்கு நாள் ஆகியும் கோபம் ஆறவில்லை.

ஆனி மாதம் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம். இரவுப் பந்தியில் வடை, பூரி, நெய் மிதக்கும் கேசரி. பதினொரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகைச் சுற்றி வலது தோள்பட்டை வரை ஏறியது. மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார், கணவர் சோடா வாங்கி வந்தார். இரண்டு முறை வாந்தி. மூன்று மணி நேரம் உருட்டி எடுத்துவிட்டு, வந்த சுவடே தெரியாமல் போய்விட்டது.

மறுநாள் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பதைத் தாண்டியவருக்கு மேல்வயிறு வலித்தால் இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் இதயம் சரி என்றதும் விசாரணையும் முடிந்துவிட்டது. அமிலத்துக்கு ஒரு மாத்திரை, காரத்தைக் குறையுங்கள் என்று ஓர் அறிவுரை. காரத்தை விட்டேன். வடையை யாரும் விடச் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு முறை, தீபாவளி இரவு ஒரு முறை. தினசரி காலண்டரில் அந்தத் தாள்களை மட்டும் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்து, பின்பக்கம் என்ன சாப்பிட்டேன் என்று எழுதினேன். மூன்றிலும் எண்ணெய்ப் பலகாரம், நெய். வாய்வு வலி என்றால் ஏப்பம் விட்டாலோ காற்றுப் பிரிந்தாலோ கொஞ்சமாவது இளகும். இது இளகவே இல்லை. அந்த மூன்று தாள்களையும் வேறொரு டாக்டர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, மறு பேச்சில்லாமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். நான் பெருமைப்படுவது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

அந்தப் பெருமை மறுநாள் வரைகூடத் தாங்கவில்லை. காலை பஸ்ஸில் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய், பஸ் நிலையத்தில் ஒரு காபி குடித்துவிட்டு ஸ்கேன் மையத்தில் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு என் பெயரைக் கூப்பிட்ட பெண் கேட்டாள்: "வெறும் வயிறுதானே அம்மா?"

"காபி மட்டும்தான் குடித்தேன்."

"பால் விட்டதா?"

பாலில் இருக்கும் கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை பித்தத்தைப் பிழிந்து விட்டுச் சுருங்கிவிடுமாம். சுருங்கிய பைக்குள் கல் சரியாகத் தெரியாதாம். குறைந்தது ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. இதைச் சீட்டு எழுதியவரும் சொல்லவில்லை, முந்தின நாள் தொலைபேசியில் நேரம் கொடுத்தவரும் சொல்லவில்லை. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் அந்தக் காபியோடு போயிற்று.

இரண்டாம் முறை போனபோது தெரிந்துவிட்டது: பை நிறையக் கற்கள், பெரியது 11 மில்லிமீட்டர். அறுவை சிகிச்சை நிபுணரிடம் கல்லை மட்டும் எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைச் சேர்த்து வைக்கும் இடம்தான், கல்லை எடுத்துவிட்டுப் பையை விட்டால் மறுபடியும் கல் சேரும் என்றார். என் நாத்தனாருக்கும் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, ஆனால் ஒரு நாளும் வலித்ததில்லை. அவருக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் அந்த நிபுணர். வலி திரும்பத் திரும்ப வரும் எனக்குத்தான் ஆபரேஷன்.

அங்கேயே தேதி வாங்கியிருக்க வேண்டும். "வாழைத்தண்டுச் சாறு குடி, கரைந்து ஓடிவிடும்" என்று தெருவே சொன்னது. இருபது நாள் குடித்தேன். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம் அது. பித்தப்பைக் கல்லுக்கும் சிறுநீர் போகும் பாதைக்கும் தொடர்பே இல்லை என்று பிறகுதான் புரிந்தது.

தை கடைசியில் வந்த வலி மூன்று மணி நேரத்தில் நிற்கவில்லை. விடிந்தும் இருந்தது, கூடவே காய்ச்சல். மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் வலது விலாவின் கீழ் விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, "மூச்சை இழுங்கள்" என்றார். வலி தாங்காமல் பாதி மூச்சிலேயே நிறுத்திவிட்டேன். "பையில் அழற்சி, இன்றே சேருங்கள்" என்றார். கண் மஞ்சளாக இருக்கிறதா, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போகிறதா, மலம் வெளுத்திருக்கிறதா, குளிர் நடுக்கம் உண்டா என்று அடுக்கிக் கேட்டார். அவை இருந்தால் கல் பித்தக் குழாயில் இறங்கி அடைத்திருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் வீட்டில் உட்காரக் கூடாது. நல்லவேளை, எனக்கு எதுவும் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் படுத்திருந்தேன். அட்டை மாமனாரின் பழைய குடும்ப அட்டையோடு சேர்ந்தது. தனிக்குடித்தனம் வந்தபோது என் பெயரை அதிலிருந்து நீக்கிவிட்டோம். காப்பீட்டை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. புதிதாக எடுக்க வருமானச் சான்று வேண்டும். அறுவடைக் காலம், கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நெல் கொள்முதல் நிலையத்தில் காட்ட அடங்கல் (பயிர் விவரச் சான்று) வாங்க நிற்கும் விவசாயிகள் வரிசை. இரண்டு நாள் அலைந்து, மூன்றாம் நாள்தான் கணவருக்குச் சான்று கிடைத்தது. திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் மீதி வேலை ஒரே காலையில் முடிந்தது. உங்கள் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வலி வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியில், நான்கு சிறு துளைகள், மூன்றாம் நாள் வீடு. விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது. பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். வயிற்றை உப்ப வைக்க உள்ளே செலுத்திய வாயுவால் வருவது, நடந்தால் சரியாகிவிடும் என்றார். எட்டு மாதத்தில் எனக்கு வந்த ஒரே வாய்வு வலி அதுதான்.

கற்களைச் சிறு புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். சின்னதும் பெரியதுமாகப் பதினேழு, மாமியார் எண்ணிவிட்டார். எடுத்த பையைப் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்பியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள், நாமே கேட்டு வாங்க வேண்டும். வியாழக்கிழமை அதற்காகத் தஞ்சாவூர் போகிறேன். இந்த முறை பஸ் நிலையத்தில் காபி குடித்துவிட்டுப் போகலாம்.