வலைகளைக் கழற்றிய ஊர்

காவல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. விடிய இன்னும் நேரம் இருந்தது. டார்ச்சை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு வழிகாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டார். நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் இருக்கும் பாங்டி கிராமம் இது. கீழே எங்கேயோ தோயாங் நீர்த்தேக்கம். குளிர் எலும்பு வரை இறங்கியது.

முதலில் சத்தம்தான் வந்தது. காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கிரீச்சொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. வானம் வெளுக்க வெளுக்க மரங்களிலிருந்து அமூர் வல்லூறுகள் கிளம்பின. எண்ணிப் பார்க்கத் தொடங்கி, ஒரு நிமிடத்திலேயே விட்டுவிட்டேன். ஒரு கூட்டம் தலைக்கு மேல் சுழன்று கலைவதற்குள் அடுத்தது எழுந்தது. வானத்தில் பறவை இல்லாத இடம் என்று எதையும் காட்ட முடியாது.

புறாவை விடச் சிறிய பறவை இது. எடை ஏறக்குறைய 150 கிராம். சைபீரியாவின் தென்கிழக்கிலும் சீனாவின் வடபகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளுக்குப் போகிறது. வழியில் அக்டோபரில் இங்கே இறங்கி, ஈசலைத் தின்று கொழுப்பு ஏற்றிக்கொள்கிறது. அப்புறம்தான் அரபிக்கடல். அதன்மேல் உட்கார ஒரு கிளை கிடையாது, நிற்காமல் பறக்க வேண்டும். இங்கே தின்கிற ஈசல்தான் அந்தக் கடலைத் தாண்ட வைக்கிறது.

இதே இடத்தில் 2012 அக்டோபரில் என்ன நடந்தது என்பதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பறவைகள் வந்து அடையும் வழியில் மீன்வலைகளை உயரக் கட்டிக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். பத்திரிகையாளர் பானோ ஹராலுவும் வேறு சில இயற்கை ஆர்வலர்களும் நேரில் போய்ப் பதிவுசெய்தார்கள். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 1,20,000 முதல் 1,40,000 வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. படங்களைப் பார்த்த அன்று அந்த மக்கள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

வழிகாட்டியின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்டபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை. அவரும் வலை கட்டியவர். மறைக்காமல் சொன்னார். 2000-இல் அணை செயல்படத் தொடங்கியது, நல்ல விளைநிலங்கள் தண்ணீருக்குள் போயின, விவசாயிகள் மீன்பிடிக்கு வந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் வல்லூறுகளும் பெருங்கூட்டமாக அடையத் தொடங்கின. கையில் வலை இருந்தது, வானத்திலிருந்து வருமானம் இறங்கியது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான் போனது என்றார். இதை வேண்டாம் என்று சொல்ல ஒரு ஊருக்கு எவ்வளவு மனசு வேண்டும்!

நாகாலாந்தில் காட்டின் பெரும்பகுதி அரசுடையது அல்ல, ஊர்மக்களுடையது. வெளியிலிருந்து சட்டத்தைக் காட்டி மிரட்டி அங்கே எதையும் காப்பாற்ற முடியாது. ஊர்ச் சபை கூடித் தடை போட்டு அபராதம் வைத்தது. தேவாலயங்களில் இதைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகளுக்குப் பறவையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். பறவைகள் அடையும் நிலத்தின் சொந்தக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து காவலுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு, 2013-இல், ஒரு பறவைகூட வலையில் விழவில்லை. அந்த நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். தன் ஊர்ப் பெயரோடு ஒரு பறவை ஆப்பிரிக்கா வரை போனதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போன வருமானத்துக்கு ஈடாக இன்னும் எல்லோர் வீட்டுக்கும் ஒன்றும் வந்துவிடவில்லை. தங்குமிடம் வைத்திருப்பவருக்கும் வழிகாட்டிக்கும் ஓரிரு மாதம் ஏதோ கிடைக்கிறது. மற்றவர்கள் வெறுமனே விட்டுக்கொடுத்தவர்கள். அதனால் போகிறவர்கள் ஊரிலேயே தங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். உள்நுழைவு அனுமதிச் சீட்டு கட்டாயம் வேண்டும். ரயிலில் திமாப்பூர் வரை வந்து, அங்கிருந்து சாலைவழி வோக்கா போகலாம். நவம்பர் கடைசிக்குள் போய்விடுங்கள்.

கிளம்பும் நாள் மாலை மறுபடியும் கோபுரத்துக்குப் போனோம். பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து மரங்களை நிரப்பின. இன்னும் சில நாள்தான், கிளம்பிவிடும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இங்கிருந்து போய் உங்கள் தென்பகுதியைத் தாண்டித்தானே கடலுக்குள் இறங்குகிறது? அங்கே யாரும் வலை கட்ட மாட்டார்களே?" என்று கேட்டார்.